செவிவழி ஒரு விண்வெளிப் பயணம்

வள்ளுவப் பெருந்தகை கல்வியையும் கல்லாமையையும் கூறிய பின், கேள்வி என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். செவியின் வழியே பெறுவதையும் செல்வமாக எண்ணிய இனம் நம்முடையது. கூத்தும் வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த நம் முன்னோருக்குப் பின், வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்றும் நம்மிடையே உண்டு. படம் இல்லை, ஒலி மட்டுமே. ஆயினும் கதவு திறக்கும் ஓசையைக் கொண்டே, வருபவர் நாயகனா வில்லனா என்று நாம் சொல்லிவிடுவோம். அத்தகைய செவிப்பழக்கம் உடையோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டு வானொலியில் ஒலித்த 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' என்னும் அறிவியற் புனைகதைத் தொடர் நாடகத்தின் வரலாறே அது. அந்நாடகத்திற்கும் நமக்கும் இடையே எதிர்பாராத சில உறவுகள் இருப்பதை வாசகர் காண்பர்.

1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் எலிசபெத் அரசியாருக்கு முடிசூட்டு விழா நடந்தது. அதனைக் காண்பதற்கென்றே இங்கிலாந்தில் இல்லந்தோறும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வாங்கப்பெற்றன. இனி வானொலிக்கு வாழ்வு ஏது என்ற ஐயம் எழுந்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள், திங்கட்கிழமை மாலை, பி.பி.சி.யின் 'லைட் புரோகிராம்' அலைவரிசையில் இத்தொடரின் முதற்பகுதி ஒலித்தது. வாரம் ஒரு பகுதி, பகுதி ஒன்றுக்கு அரைமணி நேரம். எழுதியவரும் தயாரித்தவரும் ஒருவரே. அவர் பெயர் சார்லஸ் சில்ட்டன்.

சில்ட்டன் பெருங்கல்வி கற்றவரல்லர். 1917இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் முதல் உலகப் போரில் மாண்டார். மகன் அவர் முகத்தைக் கண்டதில்லை. அன்னையாரையும் சிறுவயதிலேயே இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். 1932இல் தம் பதினைந்தாம் வயதில் பி.பி.சி.யில் கடிதங்களைக் கொண்டு சென்று சேர்க்கும் ஏவற்பையனாகப் பணியில் அமர்ந்தார். பிறகு இசைத்தட்டு நூலகத்தில் உதவியாளரானார்; அதன் பின் தயாரிப்பாளராக உயர்ந்தார். கடைநிலையில் நுழைந்து தேர்வெழுதித் தேர்வெழுதிப் படியேறும் நம் அரசு அலுவலர் பலருக்கு இத்தகைய வாழ்க்கை அயலானதன்று. ஆயினும் படியேறியவர் எல்லாரும் நிலவுவரை ஏறினாரல்லர்!

இரண்டாம் உலகப் போர் அவரை வான்படையில் சேர்த்தது. வான்படை அவரை இலங்கைக்கு அனுப்பியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமை அப்போது இலங்கையை நிலைக்களமாகக் கொண்டிருந்தது. போர்வீரர்களின் பொழுதுபோக்கிற்காகக் கொழும்பில் 'ரேடியோ சீயாக்' என்னும் வானொலி நிலையம் இயங்கியது. அங்கே டேவிட் ஜேக்கப்ஸ் என்னும் இளம் அறிவிப்பாளரோடு சில்ட்டன் பணியாற்றினார். போர் முடிந்த பின் அந்நிலையத்தின் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதுவே 1949இல் உருவான 'ரேடியோ சிலோ'னுக்கு வலிமை தந்தது. இலங்கை வானொலி என்றதும் மயில்வாகனனாரின் குரலும், கே. எஸ். ராஜாவின் வேகமும், அப்துல் ஹமீதின் தெளிவும் நம் செவியில் எழாமல் இரா. 1950களில் நம் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கி வைத்தபோது, தென்னகத்து வீடுகளின் வானொலி முள் தானே கொழும்பை நோக்கித் திரும்பியது. நம் தாய்தந்தையர்க்குப் பாட்டுத் தந்த அந்த நிலையத்தின் முன்னோடியில் பணியாற்றியவரே, பின்னாளில் ஆங்கிலேயச் சிறாரை நிலவுக்கு அழைத்துச் சென்றவர் என்பது நமக்கு இனிப்பான செய்தி.

நாடு திரும்பிய சில்ட்டன், 1949 முதல் அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டிடையர் வாழ்வைச் சித்திரிக்கும் 'ரைடர்ஸ் ஆஃப் தி ரேஞ்ச்' என்னும் தொடரை எழுதி நடத்தினார். அத்தொடர் 1953இல் நிறைவுற்றது. அடுத்து அவர் கைக்கொண்டதே விண்வெளி. புதுநிலம் நாடி வண்டி வண்டியாகப் புறப்பட்டு, இருளில் என்ன காத்திருக்கிறதோ என்று அஞ்சி நடக்கும் மாந்தரின் கதையை அவர் முன்னரே நன்கு பயின்றிருந்தார். குதிரைக்கு மாற்றாக ராக்கெட் வந்தது. பாலைக்கு மாற்றாக விசும்பு வந்தது. இவ்வாறு கூறுவது நாடகத்தைக் குறைத்து மதிப்பதாகாது. அறிவியலை மட்டும் நம்பி எழுதிய கதைகள் பல, சில ஆண்டுகளில் பழங்கணக்காகிவிட்டன. புறப்பாட்டின் அச்சத்தை எழுதிய கதை அவ்வாறு ஆகவில்லை.

கதை 1965ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைக்கப்பெற்றது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தினின்று 'லூனா' என்னும் கலம் நால்வரை ஏற்றிக்கொண்டு நிலவை நோக்கிக் கிளம்புகிறது. தலைவன் ஜெட் மோர்கன், கலத்தை வடிவமைத்த பொறியாளன் மிட்ச், மருத்துவர் மாத்யூஸ், செய்தித்தொடர்பாளன் லெம்மி. முதற்சில வாரங்கள் மண்ணுலகிலேயே கழிந்தன. கேட்போர் தொகையும் தளர்ந்தது. கலம் மேலெழுந்த பின்னரே நாடகமும் மேலெழுந்தது. நிலவில் அவர்கள் இனந்தெரியாத இசையைக் கேட்கின்றனர். மின்னாற்றல் அற்று இருளில் நாட்கணக்கில் கிடக்கின்றனர். பின்பு காலத்தில் பின்னோக்கி ஈர்க்கப்பட்டு, மனித நாகரிகம் தோன்றாத பழைய பூமியில் வந்து இறங்குகின்றனர். இத்தனையும் 18 பகுதிகளில் நிகழ்ந்தன. 1954இல் 'தி ரெட் பிளானட்' என்ற பெயரில் செவ்வாய்ப் பயணமும், 1955இல் 'தி வேர்ல்டு இன் பெரில்' என்ற மூன்றாம் தொடரும் பின்தொடர்ந்தன. இவை ஒவ்வொன்றும் 20 பகுதிகள். இங்கிலாந்தில் தொலைக்காட்சியைவிட மிகுதியான மாலைநேர நேயர்களை ஈர்த்த கடைசி வானொலி நிகழ்ச்சி இதுவே எனக் கூறுவர். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அயல்நாடுகளிலும் ஒலித்தது.

இந்நாடகத்தின் ஆக்கமுறையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். விண்வெளியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஓசையில்லை. ஓசையே இல்லாத இடத்தை ஓசையால் மட்டுமே இயலும் ஒரு கலையில் எவ்வாறு காட்டுவது? தலைக்கவசத்தினுள் உள்ள வானொலியின் வழியாகவே அங்கே ஒருவரோடொருவர் பேச இயலும் என்ற உண்மையே இதற்கு வழியைத் திறந்தது. நிலவின்மேல் நடப்போன் பேசுவது கலத்தினுள் இருப்போனுக்கு எவ்வாறு கேட்குமோ, அவ்வாறே வீட்டில் இருக்கும் நேயருக்கும் கேட்கிறது. குரல் நின்றால், நின்றவன் என்ன ஆனான் என்பதை இருவரும் அறியார். மேடையில் திரையைக் கட்டி இந்த நடுக்கத்தை உண்டாக்க முடியாது. வெண்திரையிலும் எளிதன்று, அங்கே விழுந்தவனைக் கண் கண்டுவிடும். நாம் கேட்ட வானொலி நாடகங்கள் சிலவற்றில், "அதோ பார், கையில் கத்தியோடு வருகிறான்!" என்று பாத்திரமே நமக்கு அறிவிக்கும் வழக்கம் உண்டு. அந்தத் துன்பம் இங்கே பெரிதும் நேரவில்லை.

மருத்துவர் மாத்யூஸ் நாட்குறிப்பு எழுதுவதாக அமைத்து, விட்டுப்போன காலத்தை அவர் வாயால் சொல்ல வைத்ததும் நல்ல உத்தி. லெம்மி அறிவியல் மிகுதியும் அறியாதவன். அவன் வினவ, மற்றவர் விளக்க, நேயரும் அறிந்துகொள்கிறார். நம் கூத்தில் கட்டியங்காரனுக்கு உள்ள பணிகளுள் ஒரு பாதி இவனுக்கு வாய்த்தது என்று சொல்லலாம். வான் பிலிப்ஸ் அமைத்த இசையோ, நாடகத்தின் ஐந்தாம் பயணியாகவே உடன் சென்றது.

இருளில் நால்வர் பேசினால் யார் யார் என்று அறிவது எவ்வாறு? நெல்லையின் பேச்சையும் கொங்கின் பேச்சையும் யாழ்ப்பாணத்தின் பேச்சையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியும் நமக்கு இதன் விடை தெரியும். சில்ட்டனும் அதையே செய்தார். மிட்ச் ஆஸ்திரேலியன், அவ்வேடத்தை ஏற்றோருள் புரூஸ் பீபி, டான் ஷார்ப் ஆகியோர் ஆஸ்திரேலியரே. லெம்மியோ கிழக்கு இலண்டனின் கொச்சை மொழி பேசுபவன். அந்த மண்ணின் மைந்தனாக ஒலித்த டேவிட் காசாஃப், உருசிய நாட்டினின்று பிழைப்புத் தேடி வந்த யூதப் பெற்றோரின் மகன். அவருக்குப் பின் அவ்வேடம் ஏற்ற ஆல்ஃபி பாஸும் அத்தகைய குடும்பத்தவரே. தலைவன் ஜெட் மோர்கனாகக் குரல் கொடுத்த ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ், ஸ்காட்லாந்து நாட்டுச் சமயப்பணியாளர் குடும்பத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீகாவில் பிறந்தவர். இங்கிலாந்து நாட்டு மக்கள் தம்முடைய குரல்கள் என்று நெஞ்சாரப் போற்றிய குரல்களுள் பாதி, வந்தேறியோரின் வழிவந்தவை. பிறமொழி வழங்கும் நகரங்களில், "உங்கள் ஊர் எது?" என்ற வினாவைப் பள்ளியிலும் சந்தையிலும் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லுதல் தகும்.

ஃபால்ட்ஸின் பிற்கால வாழ்வு இதனினும் குறிக்கத்தக்கது. பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக் என்னும் தொழில்நகரில் பஞ்சாபியர் பலர் ஆலைகளில் உழைக்கக் குடியேறியிருந்தனர். 1964ஆம் ஆண்டுத் தேர்தலில், குடியேறியோர்மீது வெறுப்பைத் தூண்டும் இழிவான முழக்கங்களுக்கு இடையே, பீட்டர் கிரிஃபித்ஸ் என்பவர் அத்தொகுதியில் வென்றார். அங்கு நிலவிய நிறவேற்றுமையை நேரிற்காண, 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்நகரின் தெருவுக்கு வந்தார். 1966 மார்ச்சு மாதத் தேர்தலில் தொழிற்கட்சியின் வேட்பாளராக நின்று கிரிஃபித்ஸைத் தோற்கடித்தவர் ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ். செவ்வாய்க்குக் கலம் செலுத்திய தலைவனின் குரல், வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட இந்தியர் வாழும் தெருக்களில் வாக்குக் கேட்டது. அத்தொகுதியையும், 1974 முதல் வார்லி கிழக்குத் தொகுதியையும் சார்ந்து 1997 வரை அவர் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். நாடகத்தில் கேட்ட குரலுக்கு மக்கள் எவ்வளவு வாக்களித்தனர், கொள்கைக்கு எவ்வளவு என்று அளந்து சொல்வார் யார்? தமிழ்நாட்டு அரசியலைக் கண்டுவந்த நாம் அந்த ஆராய்ச்சியில் இறங்காமல் இருப்பதே நலம்.

இனி ஒரு வருத்தமான செய்தி. இத்தனை புகழ்பெற்ற நாடகத்தின் ஒலிநாடாக்கள் ஒலிபரப்புக்குப் பின் அழிக்கப்பட்டன. நாடா விலை மிக்கது, இடமும் குறைவு, நேற்றைய நிகழ்ச்சியை நாளை யார் கேட்பர் என்ற எண்ணம். முதல் தொடரை அயல்நாட்டு நிலையங்களுக்கு அனுப்ப விரும்பியபோது ஒலிப்பதிவே இல்லை. எனவே 1958இல் சில்ட்டன் அதனைச் சுருக்கித் திருத்தி, 13 பகுதிகளாக மீண்டும் நடிக்கச் செய்து பதிவு செய்தார். மண்ணுலகில் கழிந்த தொடக்கப் பகுதிகள் அப்போது நீங்கின. இன்று நாம் கேட்கும் நிலவுப் பயணம் அந்த மறுபதிவே. மற்ற இரு தொடர்களும் அழிந்தன என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980களில், வெளிநாட்டு ஒலிபரப்புக்கென வெட்டிய தட்டுகள் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, அவை மீண்டும் ஒலித்தன. தவறான அடுக்கில் வைத்த கோப்பு, சரியான அடுக்கில் இருந்து கழிக்கப்பட்ட கோப்பைவிட நெடுநாள் வாழும் என்பது அலுவலகங்களில் காலங்கழிப்போர் அறிந்த ஒன்றே!

நம் சங்கங்களின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நம்மவர் எழுதி நடித்த நாடகங்களின் ஒலிநாடாக்கள் எத்தனை வீடுகளின் பரண்மேல் கிடக்கின்றன? வீடு மாறும்போதும் பணியிட மாற்றம் வரும்போதும் அவற்றுள் எத்தனை பழைய பொருள் வாங்குவோனிடம் சென்றன? பாலக்காட்டுத் தமிழும் தஞ்சைத் தமிழும் மதுரைத் தமிழும் ஒரே மேடையில், இந்திச் சொற்கள் ஊடே கலந்து ஒலித்த பேச்சு வேறெங்கும் பதிவாகவில்லை. எஞ்சிய நாடாக்களைக் கணினியில் ஏற்றும் பணியை இளைஞர் சிலர் மேற்கொண்டால், பரணைத் திறந்துவிடும் பொறுப்பை முதியோர் ஏற்க வேண்டும்.

சில்ட்டன் விண்வெளியோடு நின்றுவிடவில்லை. 1958இல், தந்தையாரின் கல்லறையைப் படம்பிடித்துப் பாட்டியிடம் காட்ட எண்ணிப் பிரான்சு நாட்டின் அராஸ் நகருக்குச் சென்றார். கல்லறை இல்லை; கல்லறையே இல்லாத 35,000 பேருக்கு நெருங்கியோரின் பெயர்கள் பொறித்த சுவர் ஒன்று இருந்தது; அவற்றுள் ஒன்று தந்தையார் பெயர். அதன் விளைவாக, போர்வீரர் பாடிய பாடல்களைத் தொகுத்து 1961இல் ஒரு வானொலி நிகழ்ச்சியை அமைத்தார். அதனினின்று 1963இல் 'ஓ வாட் எ லவ்லி வார்' என்னும் புகழ்பெற்ற மேடை நாடகம் பிறந்தது.

1969 ஜூலையில் மனிதன் உண்மையாகவே நிலவில் இறங்கினான். நாடகம் குறித்த ஆண்டினின்று நான்கே ஆண்டுகள் பிந்தி! 1981இல் ஒரு முறையும், 2008இல் மறுமுறையும் சில்ட்டன் தம் பயணியரை மீண்டும் வானொலியில் ஏற்றினார். 2008இல் ஒலித்த நாடகத்தில் ஜெட் மோர்கனாகப் பேசியவர், கொழும்பில் அவரோடு பணியாற்றிய அதே டேவிட் ஜேக்கப்ஸ். முதல் தொடர்களில் பல சிறு வேடங்களை மாறி மாறி ஏற்றுக் குரல் கொடுத்தவரும் அவரே. சில்ட்டன் 2013 ஜனவரியில், 95ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜேக்கப்ஸும் மறைந்தார்.