டெல்டாவும் பிரைஸ்லைனும் - காசு போடாத முதலீடு

வெளியூர் போகிறவர்கள் புக்கிங் டாட் காமில் ரூம் போடுறது இப்ப சாதாரணம். அந்தக் கம்பெனியில் ஒரு காலத்தில் பெரிய பங்கு ஒரு விமானக் கம்பெனி கையில் இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நேரடியா புக்கிங்ல இல்லை, அதோட தாய்க் கம்பெனியான பிரைஸ்லைன்ல. பெரிய விமானக் கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளில் பணம் போடும் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஏன்னா இதில் பணமே போடலை :-)

கொஞ்சம் பின்னாடி போவோம். 1990-களில் அமெரிக்க விமானக் கம்பெனிகளுக்கு ரெண்டு தலைவலி. ஒன்று, ஏஜெண்ட் கமிஷன். 1995 பிப்ரவரியில் டெல்டாதான் முதலில் இதில் கை வைத்தது. உள்நாட்டு ரவுண்ட் ட்ரிப் டிக்கெட்டுக்கு 50 டாலருக்கு மேல் கமிஷன் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னொன்று, காலி சீட். விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டின் மதிப்பு பூஜ்யம். அதுக்காக வெளிப்படையா விலையைக் குறைச்சா, முழு விலை கொடுக்கிறவனும் குறைந்த விலைக்கு வந்துடுவான்.

1998 ஏப்ரலில் ஜே வாக்கர் என்பவர் பிரைஸ்லைனை ஆரம்பித்தார். விலையை நீங்களே சொல்லுங்க என்பது அவரோட ஐடியா. நம்ம ஊர் காய்கறிச் சந்தை பேரம் மாதிரி தோணும், ஆனா இல்லை. கிரெடிட் கார்டு நம்பரை முதல்லயே கொடுக்கணும். எந்தக் கம்பெனி விமானம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் டிக்கெட் வாங்கின பிறகுதான் தெரியும். கேன்சல் கிடையாது. வியாபார வேலையாப் போறவன் இதைத் தொடமாட்டான், நாள் நேரம் பார்க்காதவன்தான் வருவான். கம்பெனிக்கோ காலி சீட் விற்றது, ஆனால் தள்ளுபடி விலை யார் கண்ணுக்கும் படலை. என்ன மூளை பாருங்க!

ஆனா சீட் வேணுமே? ஆரம்பத்தில் டி.டபிள்யூ.ஏ., அமெரிக்கா வெஸ்ட் மாதிரி ஆட்கள்தான் கூட இருந்தார்கள். கிடைக்காத டிக்கெட்டை நஷ்டத்துக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தது பிரைஸ்லைன். ஒரு பெரிய கம்பெனி வந்தே ஆகணும். அந்த வருடம் ஆகஸ்டில் டெல்டா வந்தது. சும்மா வரலை. சீட் தர்றோம், பதிலுக்கு வாரண்ட் கொடுன்னு கேட்டது. வாரண்ட் என்றால், பின்னாளில் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் முன்பே பேசிய விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. டெல்டாவுக்குக் கிடைத்தது சுமார் 1 கோடியே 86 லட்சம் பங்குகள், ஒன்று 93 சென்ட் விலையில். பிரைஸ்லைன் வேறு எந்தக் கம்பெனிகளைச் சேர்க்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு போட்டார்கள். இந்த நிபந்தனைதான் டெல்டா உண்மையில் கேட்ட விலை, பங்கு ஒரு கூடுதல் வரும்படி என்று எனக்குத் தோன்றுகிறது.

1999 மார்ச் 30. ஐபிஓ விலை 16 டாலர், முதல் நாள் முடிவில் 69. அடுத்த மாதம் 160-ஐத் தாண்டியது. அந்த வருடமே டெல்டா ஒரு பகுதியை விற்று 70 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்தது. விமானம் ஓட்டிச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு இது எப்பேர்ப்பட்ட பணம்! மற்ற விமானக் கம்பெனிகளும் நவம்பரில் வாரண்ட் வாங்கினார்கள், ஆனா விலை எகிறின பிறகு. 2000 கடைசியில் பங்கு விலை 2 டாலருக்கும் கீழே. அவங்க கையில் இருந்தது வெறும் காகிதம்.

அந்தப் பணத்தை டெல்டா இதுக்குத்தான் செலவு பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், பணத்தில் பெயர் எழுதியிருக்காது. ஆனா அதே 1999-ல் ஏ.எஸ்.ஏ. என்ற சிறு விமானக் கம்பெனியை ஏறக்குறைய 70 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2005 செப்டம்பரில் அதை 42.5 கோடிக்கு விற்றார்கள். விற்ற அடுத்த வாரம், செப்டம்பர் 14-ல், டெல்டா திவால் மனு போட்டது.

இப்ப முக்கியமான இடம். அதே 2005-ல், ஜூலையில், பிரைஸ்லைன் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் புக்கிங் கம்பெனியை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதுதான் புக்கிங் டாட் காம். இது மாதிரி லாபமான பேரம் இணைய வரலாற்றிலேயே குறைவு. 2018-ல் தாய்க் கம்பெனியே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2003-ல் 6 பங்கை 1 ஆக்கினார்கள், ஆக 1.86 கோடி 31 லட்சமாகிறது. 2024 முடிவில் ஒரு பங்கு ஏறக்குறைய 5,000 டாலர். மொத்தம் 1,500 கோடி டாலருக்கு மேல்! அப்போது டெல்டாவின் மொத்த மதிப்பே சுமார் 4,000 கோடிதான்.

"அய்யோ, வித்துட்டாங்களே" என்று சொல்லத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா யோசிச்சா, வைத்திருந்தாலும் பிழைத்திருக்காது. 2005-ல் அந்தப் பங்கின் விலை வெறும் 20 டாலர் சொச்சம். திவாலில் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். முதலீடு வளர இருபது வருடம் வேணும், விமானக் கம்பெனிக்கு பத்து வருடத்துக்கு ஒருமுறை சனி பிடிக்கும்.

ஜெட்ப்ளூ கதையும் இதே வழிதான். 2016-ல் சிலிக்கான் வேலியில் தனியாக ஒரு முதலீட்டுக் கிளை தொடங்கினார்கள், ஒழுங்காகவே நடத்தினார்கள். ஜோபி என்ற மின்சாரப் பறக்கும் டாக்ஸிக் கம்பெனியில் ஆரம்பத்திலேயே பணம் போட்டவர்கள். ஜூனும், யுனிவர்சல் ஹைட்ரஜன் ரெண்டும் ஊத்திக்கிச்சு, அது இந்தத் தொழிலில் சகஜம். கிளைக்கு அதனால் ஆபத்து வரலை, தாய்க் கம்பெனியால் வந்தது. 2020 முதல் 2024 வரை ஜெட்ப்ளூ ஒரு வருடம்கூட லாபம் பார்க்கலை. 2025-ல் கிளையை ஸ்கை லீசிங் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

டெல்டா? 2022 அக்டோபரில் அவங்களும் ஜோபிக்கே வந்தாங்க. முதலில் 6 கோடி டாலர், குறித்த கட்டங்களைத் தாண்டினால் மொத்தம் 20 கோடி வரை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுப் பக்கத்திலிருந்து ஏர்போர்ட்டுக்குப் பறக்கும் சேவைதான் திட்டம். இந்த முறை காசு போட்டிருக்கிறார்கள்.

கொசுறு: பிரைஸ்லைன் விளம்பரத்தில் வந்த ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னரும் ஆரம்பத்தில் சம்பளத்துக்குப் பதில் பங்குதான் வாங்கினார். டெல்டா சீட்டைக் கொடுத்தது, இவர் முகத்தைக் கொடுத்தார். ரெண்டு பேருமே கையிலிருந்து காசு எடுக்கலை.