மூணாறு நிலச்சரிவு முன்னெச்சரிக்கை உணரி வலையமைப்பு

மூணாறு நிலச்சரிவு முன்னெச்சரிக்கை உணரி வலையமைப்பு என்பது, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மூணாறின் அந்தோணியார் குடியிருப்பை ஒட்டிய மலைச்சரிவில் அமைக்கப்பட்ட எச்சரிக்கை அமைப்பாகும். மண்ணுக்குள் பதித்த உணரிகளின் அளவீடுகளைக் கொண்டு, சரிவு நிகழும் முன்பே அது அறிவிக்கும். அமிர்த விசுவ வித்யாபீடம் பல்கலைக்கழகத்தின் மனீஷா வி. ரமேஷ் தலைமையிலான ஆய்வுக்குழு இதனை உருவாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த 'வின்சாக்' ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பணி தொடங்கியது.

பின்னணி

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மேலேறும் சாலை, ஏலத் தோட்டங்களைக் கடந்து மூணாறை அடைகிறது. இம்மலைகளில் நிலச்சரிவு புதிதன்று. 1908-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேசனுக்கும் இடையே சிறு இரயில் பாதை அமைந்தது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் மண்சரிவுகளும் அந்த இரயில் பாதையை அழித்தன. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

2005 சூலையில் பெய்த பெருமழையில் அந்தோணியார் குடியிருப்பில் சரிவு ஏற்பட்டு எட்டுப் பேர் இறந்தனர். இதன் பின்னரே அந்தச் சரிவு ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எச்சரிக்கைப் பேனலும் விரிவாக்க அலகும்

கடை, கிடங்கு, வங்கி ஆகியவற்றில் பொருத்தும் திருட்டு எச்சரிக்கைக் கருவியை முதலில் அறிந்துகொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். அதன் நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பேனல் இருக்கும். கதவு, சன்னல் ஆகியவற்றின் உணரிகள் அதன் முனைகளில் இணைக்கப்படும். ஒவ்வோர் இணைப்பும் ஒரு மண்டலம் எனப்படும். எட்டு மண்டலங்களே உள்ள பேனலில் ஒன்பதாவது கதவைச் சேர்க்க வேண்டுமானால் விரிவாக்க அலகு தேவை. இரண்டு கம்பிகள் அதற்கு மின்சாரம் தரும். மற்றவை செய்தியைக் கடத்தும். ஒவ்வோர் அலகுக்கும் தனி முகவரி எண் தர வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் இருந்தால், எந்த அலகு பேசுகிறது என்று பேனலால் பிரித்தறிய இயலாது. மண்டலக் கம்பியின் கடைசியில், உணரியின் அருகிலேயே, ஒரு மின்தடை பொருத்துவர். கம்பி அறுந்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டினாலோ மின்தடை அளவு மாறிப் பேனலுக்குத் தெரிந்துவிடும்.

மலைச்சரிவில் அமைந்த விதம்

மூணாறிலும் இதே முறைதான். கதவுக்குப் பதில் மண். மழைநீர் மண் துகள்களுக்கு இடையே நிரம்பும்போது அங்கே நீரழுத்தம் உயர்கிறது. அது துகள்களின் பிடிப்பைக் குறைக்கிறது. பிடிப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால் சரிவு நகரத் தொடங்கும். எனவே மேலே பெய்யும் மழையை மட்டும் அளந்தால் போதாது. ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இதற்காகச் சரிவில் ஆழ்துளைகள் இடப்பட்டன. ஒவ்வொரு துளையிலும் வெவ்வேறு ஆழங்களில் நீரழுத்தமானி, ஈரப்பத உணரி, சாய்வுமானி, திரிபுமானி ஆகியவை வைக்கப்பட்டன. நிலத்தின் அதிர்வைக் கேட்க ஜியோஃபோன்களும், மேலே மழைமானிகளும் சேர்க்கப்பட்டன. இவற்றின் கம்பிகள் துளையின் வாயில் உள்ள சிறு கம்பியில்லாக் கணுவுக்கு வந்தன. அக்கணுவால் இத்தனை வகை உணரிகளை நேரடியாக ஏற்க முடியாது. ஆகவே அளவீட்டு அட்டை ஒன்றும், உணரிகளின் மெல்லிய மின்னழுத்தத்தைச் சீராக்கும் இடைச்சுற்றும் அதனுடன் இணைக்கப்பட்டன. பேனலில் விரிவாக்க அலகு செய்யும் வேலையை இங்கு இவை செய்தன.

கணுக்கள் சூரிய மின்னாற்றலிலும் மின்கலத்திலும் இயங்கின. மின்சாரத்தைச் சேமிக்க, வறண்ட காலத்தில் அவை அரிதாகவே அளக்கும். மழை கூடினால் அடிக்கடி அளக்கும். அளவீடுகள் கணுவிலிருந்து கணுவுக்குத் தாவி மூணாறில் உள்ள கள மையத்தை அடைந்து, அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில் உள்ள தரவு மையத்துக்குச் சென்றன.

2008-இல் சில உணரிகளுடன் சோதனை நடந்தது. 2009-இல் அது 50 உணரிகளும் 20 கணுக்களும் கொண்ட முழு அமைப்பாக விரிந்தது. பின்னர் உணரிகளின் எண்ணிக்கை 150 ஆக உயர்ந்தது.

எச்சரிக்கைகள்

2009 சூலையில் தொடர்மழையின்போது நீரழுத்தம் படிப்படியாக உயர்ந்தது. திரிபுமானிகளும் மண்ணின் அசைவைக் காட்டின. தொலைக்காட்சி வழியாக எச்சரிக்கை விடப்பட்டு, அரசுக்கும் தெரிவிக்கப்பட்டது. அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட்டு மக்களை வெளியேறச் சொன்னார்கள். 2011, 2013 ஆண்டுகளிலும் இவ்வமைப்பிலிருந்து எச்சரிக்கைகள் விடப்பட்டன.

பெட்டிமுடி

2020 ஆகத்து 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பலரது பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. அந்தோணியார் குடியிருப்பில் இருந்தது போன்ற உணரி வலை அச்சரிவில் இல்லை. மழையால் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால், செய்தி வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆயிற்று. பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்புப் பணியும் தாமதமாயிற்று.

கற்க வேண்டியது

ஓர் உணரி வலையமைப்பு தான் பதிக்கப்பட்ட சரிவை மட்டுமே காக்கும். மண்ணும் பாறையும் நீரோட்டமும் சரிவுக்குச் சரிவு மாறுவதால், ஓரிடத்து எல்லை அளவை வேறிடத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. மூணாறில் பெற்ற பட்டறிவைக் கொண்டு அதே குழு சிக்கிம் மாநிலம் காங்டாக்கை அடுத்த சந்த்மாரியில் புதிய வலையமைப்பை நிறுவியபோது, அங்குள்ள சரிவை முதலிலிருந்தே ஆராய வேண்டியிருந்தது. எத்தனை உணரிகள் சேர்த்தாலும், கடைசி இணைப்பு வீட்டில் உறங்கும் மனிதரைச் சென்றடைய வேண்டும். தொலைபேசியும் மின்சாரமும் அறும் மழைநாளில்தான் அந்த இணைப்பு வேலை செய்தாக வேண்டும் என்பதைப் பெட்டிமுடி காட்டியது.