பாம்பின் செதிலுக்குள் ஒளிந்திருக்கும் சிற்றுண்ணி

சம்பூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஏறத்தாழப் பத்து வருடங்களைக் கழித்துவிட்டு, 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிக்குத் திரும்பியவர்களுக்கு முதலில் கிடைத்தது பற்றைக்காடுதான். இடிந்த சுவர், தூர்ந்த கிணறு, புற்று. அவற்றுக்குள் பாம்பு. அப்படி அகப்படும் சாரையின் உடலில் மிளகு ஒட்டியதுபோல் சில மணிகள் தெரிவதுண்டு. அது நோயுமல்ல, முதிர்ந்த பாம்பின் அடையாளமுமல்ல. உண்ணி. நாகம், சாரை, மலைப்பாம்பு, உடும்பு ஆகியவற்றில் தொற்றுகின்ற ஒரு வகை உண்ணி தெற்காசியா முழுவதும் இருக்கிறது. மாட்டுண்ணியின் தூரத்து உறவு. காட்டுப் பாம்பு ஓரிரு உண்ணிகளோடு சுகமாகவே வாழும்.

கனடாவிலோ லண்டனிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு வளர்க்கும் நம் பிள்ளைகளுக்கு வரும் தலையிடி வேறு. அங்கே கடைகளில் விற்கப்படுவது மேற்கு ஆபிரிக்காவின் சிறிய மலைப்பாம்பான போல் பைத்தன், வட அமெரிக்காவின் கோர்ன் ஸ்நேக் போன்ற நஞ்சற்ற இனங்கள். இவற்றைப் பிடிப்பது ஒஃபியொனிசஸ் நட்ரிசிஸ் என்ற சிற்றுண்ணி. வளர்ந்த பெண் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். இரத்தம் குடித்தபின் கறுத்து, கசகசா விதைபோல் இருக்கும். கண்ணைச் சுற்றியும் தாடையின் கீழ் மடிப்பிலும் செதில்களின் ஓரத்திலும் ஒளிந்துகொள்ளும்.

ஊர் மக்களுக்கு நாய் உண்ணி தெரியும்; பிடுங்கி எறிந்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அதிலிருந்து வருவது. சிற்றுண்ணியிடம் அது பலிக்காது. இது பாம்பில் முட்டையிடுவதில்லை. வயிறு நிறைந்ததும் இறங்கிப் பெட்டியின் மூலை, மரத்துண்டின் வெடிப்பு, மூடியின் இடுக்கு என்று தேடிப்போய் முட்டையிடும். ஒரு பெண் 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக, சூடான பெட்டிக்குள் இரண்டு, மூன்று வாரம் போதும். இரத்தமில்லாமலும் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். ஆகவே பாம்பைக் கழுவிவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டவர் அடுத்த மாதமும் அதே வேலையைத்தான் செய்வார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தால் சந்தேகிக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, செதிலில் வெண்தூள் படிந்தாலோ (அது பூச்சியின் எச்சம்), சட்டை துண்டு துண்டாகக் கழன்றாலோ சந்தேகம் உறுதியாகும். ஈரமான வெள்ளைக் கடதாசித் துவாயால் உடலை மெதுவாகத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விட்டுவைத்தால் இரத்தச்சோகை வரும், தீன் எடுக்காது. ஏரோமொனாஸ் என்ற பக்ரீரியாவையும் இது ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தக்கூடும். குட்டிப் பாம்பு செத்தும் போகும்.

சிகிச்சையின் முக்கால் பங்கு துப்புரவுதான். மண், மரத்தூள், பட்டை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி வெளியே எறியுங்கள். பெட்டிக்குள் வெறும் கடதாசியும் தண்ணீர்க் கிண்ணமும் ஒளிய ஒரு பிளாஸ்ரிக் டப்பாவும் இருந்தால் போதும். சூட்டைத் தாங்கும் பொருட்களைக் கொதிநீரில் கழுவலாம். பாம்பை இளஞ்சூட்டு நீரில், தலை வெளியே இருக்க, அரை மணிநேரம் விட்டால் பல பூச்சிகள் மூழ்கும்; தலைக்கு ஏறித் தப்பியவற்றை ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதன்பின் மருந்து. பெர்மெத்ரின் கலந்த, ஊர்வனவுக்கென்றே தயாரித்த தெளிப்பான்கள் உண்டு: வெறும் பெட்டிக்குத் தெளித்து, நன்றாகக் காயவிட்டு, காற்றாடிய பின்னரே பாம்பை உள்ளே விட வேண்டும். ஃபிப்ரோனில், ஐவர்மெக்ரின் ஆகியவற்றை மிருக வைத்தியர் எடையைப் பார்த்துத்தான் தருவார். அதே வீட்டில் ஆமை இருந்தால் ஐவர்மெக்ரினைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது; ஆமைக்கு அது உயிர்க்கொல்லி. மருந்துகள் பெரும்பாலும் முட்டையை அழிப்பதில்லை. ஆறு வாரமாவது விடாமல் செய்யவேண்டியிருப்பது அதனால்தான்.

மண்ணெண்ணெய் பூசுவது, நுளம்பு மருந்து அடிப்பது, வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் கரைத்து ஊற்றுவது – மூன்றும் பூச்சிக்கு முன்னர் பாம்பைக் கொல்லும். பூட்டிய அறையில் அடித்தால் அங்கு படுக்கும் பிள்ளைக்கும் கேடு. புதிதாக வாங்கிய பாம்பை மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு, மூன்று மாதம் வேறு அறையில் வைத்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

திருகோணமலையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பாம்பு வளர்க்கப் புறப்பட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு புகுந்தால், எட்டி நின்று பார்த்துக்கொண்டு, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். உண்ணியைப் பிடுங்கிவிடலாம் என்ற இரக்கமும் வேண்டாம். சாரை என்று எண்ணிக் கையை நீட்டி நாகத்திடம் கடிவாங்குவதற்கு மங்கலான வெளிச்சமே போதும்.

பாம்புச் சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும். சிவந்த தடிப்பும் அரிப்பும் வரும், ஆனால் நம் உடலில் அது குடியிருக்காது. பற்றை வெட்டுபவர் அஞ்சவேண்டியது வேறொரு வகைச் சிற்றுண்ணியை. எலிகளில் ஒட்டி வாழும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடித்தால் வருவது உண்ணிக் காய்ச்சல். யாழ்ப்பாண வைத்தியர்களுக்கு இது நன்கு பழகிய நோய். காணி துப்புரவாக்கி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்தால், கக்கம், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது நோவதில்லை, அதனால் தேடாமல் கண்ணில் படாது. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரலாம். டெங்கு என்று நினைத்து வீட்டில் பனடோலோடு இருக்காமல், பற்றை வெட்டியதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மாத்திரை நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கும். பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.