3924-ஆம் வருஷத்துக்குப் போன தேதி: ஜாவாவின் பழைய தப்புகள் சொல்லித் தரும் நாலு பாடம்

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். ஜாவாவில் டேட் என்று ஒரு பழைய கிளாஸ் இருக்கு. 2024 ஜனவரி 15 வேணும்னு நினைச்சு, அதுக்கு 2024, 1, 15 என்று மூணு எண்ணைக் கொடுங்க. கிடைக்கிற தேதி என்ன தெரியுமா? 3924 பிப்ரவரி 15. எரர் வராது, புரோகிராம் நிக்காது. அது பாட்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் தாண்டிப் போய் உட்கார்ந்துக்கும்.

இதை எழுதினவங்க விவரம் தெரியாதவங்க இல்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த இன்ஜினியர்கள். அப்புறம் ஏன் இப்படி? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான். "நல்ல ஓஓபி கோட் எழுத பத்து டிப்ஸ்" மாதிரி வீடியோக்களை நாம எல்லாரும் பார்த்திருப்போம். அந்த டிப்ஸ் ஒவ்வொண்ணுக்கும் பின்னால் யாரோ பட்ட அடி இருக்கு. அந்த அடி தெரிஞ்சா, டிப்ஸை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்லை.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர் கூட இருந்த ஒரு சின்ன டீமும் வீட்டு மின்னணு சாதனங்களுக்காக ஒரு மொழியை உருவாக்க ஆரம்பிச்சாங்க. அப்போ அதுக்குப் பேர் ஓக். 1995-இல் ஜாவா என்ற பேரில் உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1996 ஜனவரியில் ஜேடிகே 1.0 வெளியானது. அதோட சேர்ந்து ஒரு வாக்குறுதியும் வந்தது: இன்னைக்கு நீங்க எழுதுற கோட், நாளைக்கு வரும் வெர்ஷனிலும் ஓடணும்.

கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனா அதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவசரத்தில் வெளியே விட்ட ஒரு தப்பை, யாரோ ஒருத்தர் பயன்படுத்த ஆரம்பிச்ச பிறகு திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் ஜாவாவின் லைப்ரரி ஒரு மியூசியம் மாதிரி இருக்கு. 1996-இல் பண்ணின தப்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அப்படியே இருக்கு. வாங்க, நாலு பெட்டியை மட்டும் பார்த்துட்டு வருவோம்.

முதல் பெட்டி, நம்ம டேட். வருஷத்தை 1900-இல் இருந்து எண்ணுவது, மாசத்தை பூஜ்யத்தில் தொடங்குவது, இரண்டுமே சி மொழியின் பழக்கம். சி தெரிஞ்சவங்களுக்கு அது இயல்பா இருந்தது. மத்தவங்களுக்கு அது கண்ணி. 1997-இல் வந்த 1.1 வெர்ஷனிலேயே அந்த கிளாஸில் இருந்த பெரும்பாலான மெத்தட்களை "இனி பயன்படுத்தாதீங்க" என்று குறிச்சு வச்சுட்டாங்க. பதிலுக்கு காலண்டர் என்ற கிளாஸ் வந்தது. அதிலும் ஜனவரி பூஜ்யம்தான்! கடைசியில், ஸ்டீபன் கோல்பர்ன் உருவாக்கின ஜோடா-டைம் லைப்ரரியின் அனுபவத்தை அடிப்படையா வச்சு, 2014-இல் ஜாவா 8 கூட புது தேதி லைப்ரரி வந்தது. பதினெட்டு வருஷம். ஆனா பழைய டேட் இன்னமும் போகலை. இன்னைக்கும் கம்பைல் ஆகும், ஒரு எச்சரிக்கை மட்டும் வரும்.

இதில் நமக்கான பாடம்: வரிசையா மூணு எண் வாங்குற மெத்தட் எழுதும்போது நில்லுங்க. எது வருஷம், எது மாசம் என்று கூப்பிடுறவருக்கு எப்படித் தெரியும்? புது லைப்ரரியில் மாசத்துக்குத் தனியா ஒரு ஈனம் இருக்கு. ஜனவரி என்று எழுதினா ஜனவரிதான், அதில் குழப்பத்துக்கே இடமில்லை. எண்ணா எழுதினாலும் ஜனவரி 1-தான். உங்க கோடில் யூசர் ஐடியும் ஆர்டர் ஐடியும் வெறும் இன்டிஜரா சுத்திக்கிட்டு இருந்தா, ரெண்டுக்கும் தனித்தனி டைப் கொடுங்க. இடம் மாத்திக் கொடுத்தா கம்பைலரே பிடிச்சுடும்.

ரெண்டாவது பெட்டிதான் எனக்குப் பிடிச்ச கதை. 1997. அப்போ பிரவுசருக்குள்ள ஆப்லெட் என்ற சின்ன ஜாவா புரோகிராம்கள் ஓடும். நம்பகமான ஒருத்தர் டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஆப்லெட்டுக்கு மட்டும் கூடுதல் அனுமதி கிடைக்கும். "இந்த கிளாஸுக்கு யார் யார் கையெழுத்து போட்டிருக்காங்க?" என்று கேட்க ஒரு மெத்தட் இருந்தது. அது ஒரு அரேயைத் திருப்பித் தரும். பிரச்சினை என்னன்னா, அது தந்தது நகல் இல்லை, உள்ளே இருந்த அசல் அரே. அதை வாங்கின ஆப்லெட், நம்பகமான ஒருத்தர் கையெழுத்தை அதிலேயே எழுதிக்க முடிந்தது. லாக்கரில் யார் கையெழுத்து செல்லும் என்று கேட்டவர் கையிலேயே பேங்க் ரெஜிஸ்டரைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த வெர்ஷனில் சரி செஞ்சாங்க. செய்ய வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன வேலை: அரேயை நகல் எடுத்துக் கொடுப்பது.

பிரைவேட் என்று ஃபீல்டுக்கு முன்னால் எழுதிட்டா பாதுகாப்பு வந்துடுச்சுன்னு காலேஜில் படிச்சோம். வராது. அந்த ஃபீல்டைத் தூக்கி வெளியே கொடுக்கிற கெட்டர் ஒண்ணு இருந்தா, பூட்டுப் போட்ட கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்குன்னு அர்த்தம். அதனால், மாத்தத் தேவையில்லாத ஃபீல்டு எல்லாத்துக்கும் ஃபைனல் போடுங்க. லிஸ்ட், அரே உள்ளே வரும்போதும் நகல், வெளியே போகும்போதும் நகல். ஜாவா 16-இல் இருந்து ரெக்கார்டு இருக்கே என்று கேட்பீங்க. ரெக்கார்டு நல்லதுதான், ஆனா அதுக்குள்ள வச்ச அரேயை அது தானா நகல் எடுக்காது. அந்த வேலை நம்மளோடது.

மூணாவது பெட்டி, ஸ்டேக். மெஸ்ஸில் கழுவி அடுக்கின தட்டை நினைச்சுக்கோங்க. மேலே வைக்கணும், மேலே இருந்து எடுக்கணும், அவ்வளவுதான். ஜாவாவின் ஸ்டேக், வெக்டர் என்ற லிஸ்ட் கிளாஸில் இருந்து இன்ஹெரிட் பண்ணுது. வெக்டரில் ஏற்கெனவே எழுதின கோட் இருந்தது, அது அப்படியே கிடைச்சது. கூடவே நடுவில் தட்டைச் செருகும் மெத்தடும், அடித்தட்டை உருவும் மெத்தடும் சேர்ந்து வந்துடுச்சு. லூப் போட்டு ஓட்டினா அடியில் இருந்து மேலே வரும். ஸ்டேக் என்ற பேருக்கே அர்த்தம் போச்சு. இன்னைக்கு ஜாவாவின் சொந்த டாகுமெண்டேஷனே "இதுக்குப் பதிலா டெக் பயன்படுத்துங்க" என்று சொல்லுது.

1994-இல் வெளியான "டிசைன் பேட்டர்ன்ஸ்" புத்தகம் இன்ஹெரிட்டன்ஸை விட கம்போசிஷனுக்கு முன்னுரிமை கொடுங்க என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2001-இல் ஜோஷுவா பிளாக் "எஃபெக்டிவ் ஜாவா"வில் இதே ஸ்டேக்கை உதாரணமா எடுத்துக்கிட்டார். இவர்தான் ஜாவாவின் கலெக்‌ஷன்ஸ் லைப்ரரியை வடிவமைச்சவர். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வீட்டின் குறையைச் சொன்னார் என்பதால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

பாடம் சிம்பிள். எக்ஸ்டெண்ட்ஸ் என்று டைப் பண்றதுக்கு முன்னால் கேளுங்க: அந்த கிளாஸின் ஒவ்வொரு பப்ளிக் மெத்தடும் என் கிளாஸிலும் அர்த்தமுள்ளதா இருக்குமா? ஒண்ணு இடிச்சாலும், அதை ஒரு பிரைவேட் ஃபீல்டா உள்ளே வச்சுக்கிட்டு, தேவையான மூணு மெத்தடை மட்டும் வெளியே விடுங்க. பத்து வரி கூட ஆகும். பரவாயில்லை.

கடைசிப் பெட்டி, யூஆர்எல் கிளாஸ். ரெண்டு முகவரி ஒண்ணா என்று ஈக்வல்ஸ் மூலமா கேட்டா, அது நெட்வொர்க்கில் போய் ரெண்டு டொமைனுக்கும் ஐபி அட்ரஸ் என்னன்னு விசாரிச்சுட்டு வரும். ஒரே சர்வரில் ரெண்டு வெவ்வேறு சைட் இருந்தா, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிடலாம். நெட் இல்லைன்னா பதிலே மாறலாம். இப்படிப்பட்ட ஆப்ஜெக்ட்டை ஒரு ஹேஷ்செட்டில் போட்டா, ஒவ்வொரு தடவை போடும்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்க நேரலாம். 2002-இல் ஜாவா 1.4-இல் வந்த யூஆர்ஐ கிளாஸ், எழுத்தை மட்டும் ஒப்பிடும். பாடம்: மெத்தட் பேர் சின்ன வேலையைச் சொன்னா, உள்ளேயும் சின்ன வேலைதான் நடக்கணும். "கெட் நேம்" என்று பேர் வச்சுட்டு உள்ளே டேட்டாபேஸைக் கூப்பிடாதீங்க.

இதெல்லாம் உலகம் முழுக்கப் பயன்படும் லைப்ரரி, நாம எழுதுறது ஆபீஸ் கோட்தானேன்னு தோணலாம். ஆனா பக்கத்து டீமில் ஒருத்தர் உங்க மெத்தடைக் கூப்பிட்ட நிமிஷமே அது வாக்குறுதி ஆயிடும். அப்புறம் நீங்க வேற கம்பெனிக்குப் போயிடுவீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழும்போது, உங்க கெட்டரைத் திட்டிக்கிட்டே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு உங்க முகம்கூடத் தெரியாது.

அதனால் அடுத்த முறை புது கிளாஸ் எழுதும்போது பப்ளிக் என்ற வார்த்தையில் மட்டும் ஒரு நொடி நில்லுங்க. முதல்ல பிரைவேட்டா வைங்க. யாராவது நிஜமாவே கேட்டா திறந்து விடலாம், அது அஞ்சு நிமிஷ வேலை. திறந்ததை மூடுறது எவ்வளவு கஷ்டம்னு அந்த டேட்டைக் கேளுங்க. இத்தனை வருஷம் ஆகியும், அது இன்னமும் மாசத்தைப் பூஜ்யத்தில் இருந்துதான் எண்ணிக்கிட்டு இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.