எண்ணிக்கையும் எஞ்சிய மனிதரும்: ‘நிலவில் பெண்’ (1929) – ஒரு மறுவாசிப்பு

ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் மௌனப் படம் 1929 அக்டோபர் 15 அன்று பெர்லினில் வெளியானது. திரைக்கதை, அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பௌ எழுதிய நாவலைத் தழுவியது. ராக்கெட் அறிவியலின் முன்னோடியான ஹெர்மன் ஓபர்த் அறிவியல் ஆலோசகராக இருந்தார். விண்வெளிப் பயணத்தைப் பிழையின்றி முன்னுணர்ந்த முதல் பாதி, காதலும் தங்க வேட்டையுமாய்ச் சரிந்துவிட்ட இரண்டாம் பாதி என இப்படத்தை இரண்டாகப் பிளந்து பார்ப்பதே வழக்கம். திரைப்படத் திறனாய்வாளர் ஸீக்ஃப்ரீட் கிரகாவரும் பயணக் காட்சிகளின் நம்பகத்தன்மையை வியந்துவிட்டுக் கதையை இரங்கத்தக்கது என்று ஒதுக்கினார். இப்பிளவு படத்தின் மையப் பொருளையே மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டு பாதிகளும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: எண்ணி, அளந்து, கணக்கிட்டு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல முடியும்?

முதலில் ஏவுதல் காட்சியைப் பார்ப்போம். இரவில், தேடொளி விளக்குகள் வீச, கூட்டம் பார்த்திருக்க, கூடத்திலிருந்து பலகட்ட ராக்கெட் செங்குத்தாக நகர்ந்து வருகிறது. தன் எடையைத் தானே தாங்கி நிற்க இயலாததால் நீர்த்தொட்டியில் இறக்கப்படுகிறது. உள்ளே பயணிகள் படுக்கைகளில் கிடக்கிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 11.2 கிலோமீட்டர் என்ற விடுபடு வேகத்தை எட்டும்வரை உடல் முடுக்கத்தைத் தாங்கியாக வேண்டும். வினாடிகள் இறங்குமுகமாக எண்ணப்பட்டு, ஒன்றுக்குப் பிறகு ‘இப்போது’ என்ற சொல் திரையில் வருகிறது. ஏறுமுகமாக எண்ணினால் எங்கே நிற்கும் என்று பார்வையாளருக்குத் தெரியாது, இறங்குமுகமாக எண்ணினால் முடிவு கண்ணெதிரே நெருங்கும் என்பதே இதற்கு லாங் பின்னாளில் தந்த விளக்கம். பேசும்படம் பரவிவந்த அந்த ஆண்டில் ஏவுதலுக்கு ஒலி சேர்க்கும்படி உஃபா திரைப்பட நிறுவனம் கேட்டும் அவர் இசையவில்லை. ஆகவே ஒலி செய்திருக்க வேண்டிய வேலையை இலக்கங்கள் செய்தன. இன்று நாம் இயல்பாகக் கருதும் ‘கவுன்ட்டவுன்’ சடங்கு, மௌனப் படத்தின் தேவைக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறது.

இரண்டாம் பாதியில் எண்ணிக்கை மறைவதில்லை, வேறிடத்துக்கு மாறுகிறது. கைகலப்பில் பாய்ந்த குண்டு ஆக்ஸிஜன் கலன்களைத் துளைக்கிறது. எஞ்சிய இருப்பு எல்லோரும் திரும்பப் போதாது. ஒருவர் நிலவில் தங்கியாக வேண்டும். வினாடிகளைக் கழித்த அதே கணக்கு இப்போது ஆட்களைக் கழிக்கிறது. பயணிகளான ஹெலியஸும் விண்டெகரும் தங்குவது யார் என்று குச்சி எடுத்துப் பார்க்கிறார்கள். தோற்ற விண்டெகர் நிலைகுலைகிறான். அவனுக்குப் பதிலாகத் தானே தங்குவதென்று ஹெலியஸ் முடிவெடுக்கிறான். மற்றவர்களை மயக்க மருந்தால் உறங்கவைத்து அனுப்பத் திட்டமிட்டு, ராக்கெட்டை உடன்வந்த சிறுவன் குஸ்தாவிடம் ஒப்படைக்கிறான். ராக்கெட் போனபின் திரும்பிப் பார்த்தால், பயணக் குழுவின் பெண் ஃப்ரீடே அவனோடு தங்கிவிட்டிருக்கிறாள். ஒருவர் தங்கினால் போதும் என்பது கணக்கு. இரண்டாமவர் தங்கியது எந்தக் கணக்கிலும் வராதது. மெலோடிராமா என்று பழிக்கப்படும் இம்முடிவுதான் முதல் பாதிக்குப் படம் தரும் பதில்.

‘படம் காட்டுவதுபோல் நிலவில் காற்று என்பது அபத்தமல்லவா?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. நிலவின் மறுபக்கத்தில் வளிமண்டலம் இருக்கலாம் என்ற பீட்டர் ஆண்ட்ரியாஸ் ஹான்சனின் 19ஆம் நூற்றாண்டுக் கருதுகோள் 1929-க்கு வெகுமுன்பே கைவிடப்பட்டுவிட்டது. ஆயினும் பயணக் குழுவின் பேராசிரியர் மான்ஃபெல்ட் அந்தக் காற்றைச் சோதிக்கும் விதம் கவனத்துக்குரியது. முக்குளிப்போர் உடை போன்ற ஒன்றை அணிந்து இறங்கியவர் தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிறார். அது எரிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். குரல் இல்லாத கலைக்கு முகமே மொழி. கவசத்துக்குள் முகம் மறைந்துபோனால் விண்டெகரின் அச்சத்தையும் ஃப்ரீடேயின் தீர்மானத்தையும் காட்ட வழியில்லை. அறிவியலை இங்கே விட்டுக்கொடுத்துத்தான் படம் தன் அறக்கேள்வியைக் காப்பாற்றிக்கொள்கிறது.

படத்தின் பிற்கால வரலாறு இவ்வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. 1942 அக்டோபர் 3 அன்று பேனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாகப் பறந்த ஏ-4 ராக்கெட்டில், பின்னாளைய வி-2இல், இப்படத்தை நினைவூட்டும் ‘நிலவில் பெண்’ சின்னம் தீட்டப்பட்டிருந்தது. அந்த ராக்கெட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரவுன், இளமையில் ஓபர்த்துக்கு உதவியாளராக இருந்தவர். அந்த ஆயுதம் லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் உயிர்களைக் குடித்தது. அதைத் தயாரித்த மிட்டல்பாவ்-டோரா முகாமில் ஆயிரக்கணக்கான கைதிகள் மடிந்தார்கள். படத்தைக் கொண்டாடிய பொறியாளர்கள் அதன் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் கழிக்கப்படும் மனிதருக்காக யார் நிற்பது என்ற இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். தொழில்நுட்ப முன்னறிவிப்புக்காக மட்டும் இப்படத்தைப் போற்றும் திறனாய்வும் அதையேதான் செய்கிறது. ‘நிலவில் பெண்’ முழுமையாக வாசிக்கப்பட வேண்டும். ராக்கெட்டின் வரலாற்றில் மட்டுமன்றி, ராக்கெட்டைப் பற்றிய அறச் சிந்தனையின் வரலாற்றிலும் அதற்குரிய இடம் அப்போதுதான் கிட்டும்.