கொடுகடன் அறிக்கையும் பழைய வைத்தியசாலைக் கட்டணமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்று 2025 ஜூலை 11 ஆம் திகதி ஒரு தீர்ப்பை வழங்கியது. செலுத்தப்படாத மருத்துவக் கட்டணங்களைக் குடிமக்களின் கொடுகடன் அறிக்கைகளிலிருந்து நீக்குவதற்கு அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் அதே ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட விதியை அத்தீர்ப்பு இரத்துச் செய்தது. அவ்விதி நடைமுறைக்கு வந்திருந்தால், சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் அறிக்கைகளிலிருந்து 4,900 கோடி டொலர் வரையிலான மருத்துவக் கடன் நீங்கியிருக்கும் என்று பணியகம் மதிப்பிட்டிருந்தது.

இலங்கையில் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தவர்கள், 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தை அறிந்திருப்பர். பெற்ற கடனை ஒருவர் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினாரா என்று பார்ப்பது வங்கிகளுக்கு அவசியமே. ஆனால், நோயுற்றுச் சிகிச்சை பெற்ற வேளையில் ஏற்பட்ட கட்டணமும் ஒருவரது நாணயத்தின் அளவுகோலாகும் நிலை அமெரிக்காவில் எவ்வாறு தோன்றியது? அதை விளங்கிக்கொள்வதற்கு 1841 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அந்த ஆண்டில் நியூயோர்க் வணிகரான லூயிஸ் டப்பன் என்பவர் ஒரு முகவர் நிலையத்தை ஆரம்பித்தார். அடிமை முறைக்கு எதிரான இயக்கத்தின் முன்னணியாளர்களில் ஒருவரான அவர், 1837 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் தமது சகோதரரின் பட்டு வணிகம் நிலைகுலைந்ததைக் கண்டவர். தூர ஊர்களிலிருந்து சரக்கைக் கடனுக்குக் கேட்கும் வணிகரை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை தேடி, ஊர்தோறும் சட்டத்தரணிகள் முதலானோரை அவர் தகவலாளர்களாக அமர்த்தினார். அவர்கள் எழுதியனுப்பிய குறிப்புகள் பேரேடுகளில் பதியப்பட்டன. அந்நிறுவனத்தின் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரேடுகள் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

வணிகரை வேவு பார்த்த இந்த முறை காலப்போக்கில் சாதாரண மக்களையும் தொட்டது. 1899 இல் அற்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் ஆரம்பித்த நிறுவனமே பின்னர் 'ஈக்குவிஃபக்ஸ்' எனப் பெயர் மாறியது. 1960 களில் இத்தகைய நிறுவனங்களின் கோவைகளில் ஒருவரது குடிப்பழக்கம், இல்லற வாழ்வு, அயலவரின் அபிப்பிராயம் ஆகியனவும் இடம்பெற்றன. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியும் உரிமை மட்டும் உரியவருக்கு இருக்கவில்லை.

பத்திரிகைத் துறையில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற வகையில், இந்த இடத்தில் எனக்கு ஓர் ஒப்பீடு தோன்றுகிறது. நாம் எழுதுவதை எமது எழுத்துக்கு ஆளானவரும் வாசிக்கிறார். தவறிருப்பின் மறுப்பு அனுப்புகிறார். கொடுகடன் நிறுவனங்களோ வாசகரைத் தெரிவுசெய்து எழுதின. எழுதப்பட்டவர் அவ்வாசகர்களுள் இல்லை.

இக்குறையைப் போக்க முன்வந்தவர் விஸ்கொன்சின் மாநில செனட்டர் வில்லியம் புரொக்ஸ்மயர். அவரது முயற்சியால் உருவான நியாயமான கொடுகடன் அறிக்கையிடல் சட்டத்தில் ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் 1970 அக்டோபர் 26 ஆம் திகதி கையொப்பமிட்டார். தன்னைப் பற்றிய விபரத்தை அறிதல், தவறை ஆட்சேபித்தல் ஆகிய உரிமைகள் அதனால் கிடைத்தன. பாதகமான தகவல்களிற் பெரும்பாலானவை ஏழு ஆண்டுகளின் பின்னர் அறிக்கையில் இடம்பெறலாகாது என்ற வரம்பும் வகுக்கப்பட்டது.

மருத்துவக் கட்டணம் இந்த அறிக்கைக்குள் நுழைவது பெரும்பாலும் கடன் வசூலிக்கும் நிறுவனங்கள் வழியாகவே. காப்புறுதி நிறுவனம் கொடுக்கவேண்டிய பணம் தாமதித்தாலும், விலாசம் மாறியதால் கட்டணச் சிட்டை கைக்குக் கிடைக்காவிட்டாலும், நோயாளியின் பெயரே கறைபடுகிறது. 2014 இல் பணியகம் வெளியிட்ட ஆய்வின்படி, வசூலுக்கு விடப்பட்ட கடன்களாக அறிக்கைகளில் காணப்பட்டவற்றிற் பாதியளவு மருத்துவக் கட்டணங்களே. ஒருவர் ஏனைய கடன்களைத் திருப்பிச் செலுத்துவாரா என்பதை அவை சரிவரக் காட்டவில்லை என்பதும் அவ்வாண்டு தெரியவந்தது.

பழைய கட்டணமொன்றை எதிர்கொள்பவருக்குச் சட்டம் தந்துள்ள வழிகள் சில உள்ளன. கடன் கைமாறி விற்கப்பட்டாலும் ஏழாண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. 1996 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, கொடுப்பனவு முதலில் தவறிய நாளிலிருந்து 180 நாட்கள் கழிந்ததும் அக்கணக்கு ஆரம்பமாகிறது. வசூலிப்பவரின் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபித்தால், கடனை உறுதிப்படுத்தும் வரை அவர் வசூலை நிறுத்தவேண்டும் என்கிறது 1977 ஆம் ஆண்டின் சட்டம். இலாப நோக்கற்ற வைத்தியசாலைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பதை 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால், வழக்குத் தொடர்வதற்கான காலவரையறை வேறு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். பல மாநிலங்களில் ஒரு சிறு தொகையைச் செலுத்துவதே காலாவதியான கடனுக்கு உயிர் கொடுத்துவிடும். ஆகவே, பணம் செலுத்துமுன் திகதிகளைச் சரிபார்ப்பது முக்கியம்.

மூன்று பெரிய கொடுகடன் நிறுவனங்களும் 2022 ஜூலையில், செலுத்தித் தீர்க்கப்பட்ட மருத்துவக் கடன்களை அறிக்கைகளிலிருந்து நீக்கின. தீர்க்கப்படாதவற்றைச் சேர்ப்பதற்கு ஓராண்டு காத்திருக்கவும் இணங்கின. 2023 ஏப்ரலில் 500 டொலருக்குக் குறைந்தவை அகற்றப்பட்டன. கொலராடோ, நியூயோர்க் மாநிலங்கள் 2023 இல் சட்டமியற்றின. கலிபோர்னியாவின் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிர்வாகம் மாறியபின் பணியகமே தனது விதியைக் கைவிட்டு, அதனை இரத்துச் செய்யுமாறு கோரியோருடன் டெக்சாஸ் நீதிமன்றில் இணைந்துகொண்டது. சமஷ்டிச் சட்டமே இத்தகைய மாநிலச் சட்டங்களை மேவி நிற்கிறது என்று 2025 அக்டோபரில் அது வியாக்கியானமும் செய்தது.

நிறுவனங்கள் தாமாக அளித்த சலுகையை அவை தாமாகவே மீளப்பெறவும் கூடும். சட்டம் தந்த உரிமைக்கு அந்த ஆபத்து அவ்வளவாக இல்லை. தன் அறிக்கையைக் கேட்டுப் பெறவும், தவறை எழுத்தில் மறுக்கவும், ஏழாண்டின் பின் மறக்கப்படவும் நோயாளிக்குள்ள உரிமை 1970 ஆம் ஆண்டின் சட்டத்தில் வேரூன்றியது. டெக்சாஸ் தீர்ப்பு அதைத் தொடவில்லை. கட்டணச் சிட்டையையும் காப்புறுதிக் கடிதங்களையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்கே அவ்வுரிமை பயன்படும்.