பயணச் செலவும் பொறுப்புடைமையும்: கெடாத் தோட்ட வரலாறு தரும் பாடம்

முன்னுரை

ஒருவரின் பயணத்திற்குப் பணம் கொடுத்தவர் யார் என்னும் வினா கெடாத் தமிழர் வரலாற்றில் புதிதன்று. தோட்டத் தொழிலாளியின் கப்பற் பயணம் தொடர்பாக ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுந்த அவ்வினா, இன்று மக்கள் பிரதிநிதிகள் தனியார் செலவில் மேற்கொள்ளும் பயணங்கள் தொடர்பாக எழுகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலாளியின் பயணம்

1909ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கைக்குப் பின் கெடா பிரிட்டிஷ் மேலாதிக்கத்தின்கீழ் வந்தது. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி இத்தோட்டங்களை அடைந்தனர்.

1910இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், கப்பற்செலவு தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. அக்கடனே அவரைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி இந்நிலையை மாற்ற முற்பட்டது. தாம் வேலை வாங்கிய ஆட்களின் எண்ணிக்கைக்கும் நாள்களுக்கும் ஏற்ப முதலாளிகள் அந்நிதிக்குத் தீர்வை செலுத்தினர். தொழிலாளரின் பயணச் செலவு அதிலிருந்து வழங்கப்பட்டது. பணம் முதலாளிகளுடையதே, ஆயினும் தனியொருவரின் கையிலிருந்து பொதுக்கணக்கிற்கு அது மாறியமை குறிப்பிடத்தக்கது.

கங்காணியின் நிலையோ வேறு. தொழிலாளர் அவரைத் தம் ஊர்க்காரராகவும் தலைவராகவும் கருதினர். அவரோ தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள்களைக் கணக்கிட்டு, நிருவாகத்திடமிருந்து தலைக்காசு பெற்றார். எனவே, லயத்து மக்களின் குறையைத் துரையிடம் எடுத்துரைக்கையில் அவர் யாருக்காகப் பேசினார் என்பது ஐயத்திற்குரியதாயிற்று. கங்காணிகளுள் நல்லவரும் இருந்திருப்பர். சிக்கல் தனிமனித ஒழுக்கம் பற்றியதன்று. பிறருக்காகப் பேசுபவர் யாரிடம் பயன் பெறுகிறார் என்பது பற்றியதாகும்.

பிரதிநிதியின் பயணம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுச்சபை 1974இல் உறுப்பினர் நலன்களின் பதிவேட்டை ஏற்க முடிவு செய்தது. பிறர் செலவில் சென்ற வெளிநாட்டுப் பயணங்களும் அதில் இடம்பெறுகின்றன. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், கீழவை உறுப்பினர்களின் பயண விவரங்களை இணையத்தில் வெளியிட வகைசெய்தது. இந்தியாவில் 1976, 2010ஆம் ஆண்டுகளின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டங்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்குமுன் மத்திய அரசின் அனுமதியைப் பெறவேண்டும் என விதித்தன. அனுமதி அரசிடம் பெறுவது. வெளியீடு மக்களுக்கு அறிவிப்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

மலேசியாவில் 2019 ஜூலை 1ஆம் நாள், உறுப்பினர்கள் சொத்து விவரங்களை அறிவிக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை மக்களவை நிறைவேற்றியது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் அவை வெளியாயின. இது வரவேற்கத்தக்க முயற்சியே. எனினும் சொத்தும் வருமானமுமே அதன் மையப் பொருள்கள். பிறர் வாங்கித் தந்த விமானச் சீட்டு சொத்தாகத் தங்குவதில்லை. ஆனால் அதனால் உண்டாகும் நன்றிக்கடன் தங்கிவிடும்.

கெடாவில் இதன் முக்கியத்துவம் தெளிவானது. நாடாளுமன்றத்திற்கு 15 பேரையும் சட்டமன்றத்திற்கு 36 பேரையும் இம்மாநிலம் தேர்ந்தெடுக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அதிகாரத்திற்குட்பட்டது. தோட்ட நிலம் வீடமைப்பிற்கோ தொழிற்பேட்டைக்கோ மாறும்போது லயத்துக் குடும்பங்கள் வீட்டை இழக்கும் நிலை உருவாகிறது. அந்நிலத்தில் அக்கறையுள்ள நிறுவனம் ஓர் உறுப்பினரின் பயணச் செலவை ஏற்றிருந்தால், அதனை அறியும் உரிமை அக்குடும்பங்களுக்கு உண்டு.

முடிவுரை

தனியார் செலவிலான பயணம் அனைத்தும் குற்றமாகா. அயல்நாட்டுத் தமிழ் மாநாட்டிற்கு ஏற்பாட்டாளர் செலவில் செல்லும் உறுப்பினர், சமூகத்திற்குப் பயனுள்ள அறிவோடு திரும்பலாம். அத்தகையவருக்கு வெளியீடு தடையன்று, அரணாகும். சென்ற இடம், நாள், செலவு, கொடுத்தவர் என்னும் நான்கு விவரங்களை உரிய காலத்தில் அனைவரும் காணுமாறு வெளியிட்டாலே போதும். தொழிலாளியின் பயணத்திற்குக் கணக்கு வைத்த நாடு, அவருடைய பிரதிநிதியின் பயணத்திற்கும் கணக்கு வைத்தல் முறையே.